ஜாஸ் தேர்வுக்கு எண்ணிப் படித்த கதை

பட்டப்படிப்பில் விருப்பப் பாடமாக ஜாஸ் வரலாற்றை எடுத்தேன். சின்ன வயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் கற்ற தைரியம்தான். முதல் உள்தேர்வில் 20க்கு 6. ஆல்பம் பெயர், ஆண்டு, யார் எந்தக் கருவி என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்திருந்தேன். தேர்விலோ ஒரு நிமிடத் துண்டை மூன்று தடவை ஒலிக்கவிட்டு, இதில் என்ன நடக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். யாரோ சாக்ஸபோன் வாசிக்கிறார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் எழுத வரவில்லை.

இறுதித் தேர்வில் நிலைமை மாறியது. இடையில் செய்தது ஒன்றுதான்: கேட்கும்போது தாளத்தை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.

ஜாஸுக்கு அடித்தளமான பாட்டு வடிவம் ப்ளூஸ்; அதில் தொடங்குங்கள். 4 எண்ணிக்கை ஒரு பார், 12 பார் ஒரு சுற்று. டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூனில் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ மூன்று நிமிடச் சொச்சம்தான். ஆரம்பத்தில் டிரம்பெட் மட்டும் தன் போக்கில் ஏறி இறங்கும். அதை விட்டுவிடுங்கள்; மற்றவர்கள் சேர்ந்த பிறகு விரல் மடக்கி எண்ணுங்கள். பத்து தடவை கேட்டால் சுற்று முடிவது தானாகவே உறைக்கும். நடுவில் கிளாரினெட் ஒரு வரி சொல்ல, ஆம்ஸ்ட்ராங் சொற்களே இல்லாமல் குரலால் பதில் சொல்வார். அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், பெரிய வினாவுக்கு உதவும்.

பெரிய வினா என்பது இம்ப்ரொவைசேஷனின், அதாவது முன்கூட்டி எழுதி வைக்காமல் அந்தக் கணத்தில் கற்பனையாக வாசிப்பதன், பண்பாட்டு வேர் பற்றியது. ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது’ என்று ஒற்றை வரியில் முடித்தால் மதிப்பெண் கிடைக்காது. இடத்தைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் காங்கோ சதுக்கத்தில், அடிமைப்பட்ட மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முரசு கொட்டி ஆடினார்கள். அவர்கள் நகரம் முழுக்கக் கூடுவதைத் தடுக்க, 1817ல் நகர நிர்வாகம் ஒரே இடத்தில் மட்டும் அனுமதித்தது. தெற்கு கரோலினாவிலோ 1740ன் சட்டம் முரசையே தடை செய்திருந்தது. கை தட்டுவதை யார் தடுக்க முடியும்? வயல் வேலைப் பாட்டிலும் தேவாலயத்திலும் ஒருவர் அழைக்க, கூட்டம் பதில் சொன்னது. அழைப்பவர் தன் வரியை ஒவ்வொரு தடவையும் இழுக்கலாம், உடைக்கலாம். கூட்டத்தின் பதில் பெரும்பாலும் மாறாது. அந்த மாறாத பதில் கீழே தாங்குவதால்தான் மேலே ஒருவர் தைரியமாக அலைய முடிகிறது. 12 பார் சுற்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. இதை எழுதிவிட்டு, பேஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் 1959 ஆல்பமான ‘மிங்கஸ் ஆ அம்’மின் முதல் பாட்டைச் சான்று காட்டுங்கள். கைதட்டலும் கூச்சலுமாக அப்படியே தேவாலயம்.

அதே 1959ல்தான் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம். முதல் பாட்டு ‘ஸோ வாட்’டில் பேஸ் (கனத்த ஒலி தரும் பெரிய தந்திக் கருவி) கேள்வி கேட்கிறது, மற்றவர்கள் இரண்டே ஒலியில் பதில் சொல்கிறார்கள். 32 பார் சுற்று: 16 பார் ஒரு ஸ்கேல் (ஸ்வர வரிசை), அடுத்த 8 பார் அரை ஸ்வரம் மேலே, மீதி 8 பழைய இடம். அந்த ஏற்றம் காதில் விழுந்துவிட்டால் பாதி விடை கையில்.

நான் வழுக்கியதும் இங்கேதான். ஒரே ஸ்கேலில் உலாவுகிறார்களே, இது ராக ஆலாபனைதானே என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஆசிரியர் குறுக்கே கோடு போட்டார். சரிதான். ராகத்துக்குப் பிடி (அதற்கே உரிய ஸ்வரத் தொடர்), கமகம் (ஸ்வரத்தை அசைப்பது), ஏறும் வழி இறங்கும் வழி எல்லாம் உண்டு. இது வெறும் ஸ்வர வரிசை. இந்தியத் தொடர்பு எழுத ஆசையாக இருந்தால், ரவிசங்கரின் இசையில் ஈடுபட்டு மகனுக்கு ரவி என்று பெயர் வைத்த சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனிடம் போங்கள். கல்பனா ஸ்வரம் (கற்பனையாக ஸ்வரங்களைக் கோப்பது) பாடி எடுப்புக்கு (பாட்டு வரி தொடங்கும் தாள இடம்) வந்து சேர்ந்த பழக்கம் மட்டும் எனக்கு எண்ணுவதில் நிஜமாகவே கைகொடுத்தது.

சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் ‘கோ-கோ’வைக் கடைசிக்கு வையுங்கள். 1945 பதிவு, வேகம் தலை சுற்றும். அதன் அடியில் ஓடுவது ‘செரோகி’ என்ற பழைய பாட்டின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). முதலில் ‘செரோகி’யை முணுமுணுக்கப் பழகி, அப்புறம் அதே முணுமுணுப்போடு பார்க்கரைக் கேளுங்கள். எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இறுதித் தேர்வில் வந்த துண்டு, கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’மின் நான்காம் பகுதி. எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை நிற்கவில்லை. மறுபடி எண்ணினேன், ம்ஹூம். ஆல்பம் உறையில் அச்சான தன் பிரார்த்தனைக் கவிதையை அவர் சாக்ஸபோனில் சொல் சொல்லாக ஓதுகிறார்; நிலையான தாளம் இல்லை, டிரம்ஸ் அலை போலப் புரள்கிறது. இதை எண்ண முடியாது என்றே விடையைத் தொடங்கி, ஏன் முடியாது என்று ஒரு பக்கம் எழுதினேன்.