‘கேட்ச்-22’ஐ முடிக்க உதவிய ஒரு முழுத்தாள்

அமெரிக்க எழுத்தாளர் ஜோசஃப் ஹெல்லரின் இரண்டாம் உலகப் போர் நாவலான ‘கேட்ச்-22’ஐப் பாதியில் மூடி வைத்தவர்களைக் கேட்டால், பத்தாவது அத்தியாயத்தை ஒட்டித்தான் கைவிட்டிருப்பார்கள். ஆங்கிலம் கடினமில்லை. காலக்கணக்குதான் காலை வாரும். இரண்டாம் அத்தியாயத்தில் நாயகன் யொசேரியனோடு வாய்ச்சண்டை போடும் சக வீரன் கிளெவிஞ்சர், எட்டாவதில் பயிற்சி முகாமில் விசாரணைக்கு நிற்கிறான். பத்தாவது தொடங்கும்போது செத்துப்போயிருக்கிறான். எட்டாவது, இரண்டாவதுக்கு வெகுநாள் முந்திய கதை.

எங்களைக் கரையேற்றியது ஓர் எண். குண்டுவீச்சு விமான வீரர்கள் ஊர் திரும்புவதற்கு எத்தனை தாக்குதல்களுக்குப் பறக்க வேண்டும் என்பதை அவர்களுடைய தலைவர் கர்னல் காத்கார்ட் ஏற்றிக்கொண்டே போவார். இரண்டாம் அத்தியாயத்தில் அது 50. யொசேரியன் முடித்திருப்பதோ 44. கடைசியில் 80. ஒரு முழுத்தாளில் இந்த எண்களை மேலிருந்து கீழாக எழுதி, தலைப்பில் ஆட்களின் பெயர்களைப் போட்டு, எந்த எண் நடப்பிலிருந்தபோது யாருக்கு என்ன ஆனது என்று கட்டத்தில் குறித்தோம். பக்க எண்ணைக் குறிக்காதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். மொத்தம் 42 அத்தியாயங்கள், அத்தியாய எண்ணே போதும். இத்தாலியின் ஃபெராரா, போலோன்யா, பிரான்சின் அவின்யோன் தாக்குதல்கள் மூன்றும் முதல் பக்கத்துக்கு முன்பே நடந்தவை என்று தெரிந்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஹெல்லரும் எழுதும்போது இப்படியொரு பெரிய அட்டவணை வைத்திருந்தார். அவர் வேண்டுமென்றே கலைத்ததை நாம் அடுக்குகிறோம், அவ்வளவே.

22ஆம் அத்தியாயத்தில் சாப்பாட்டுக்கூட அதிகாரி மைலோவின் முட்டைக் கணக்கு வரும்போது பேனாவை எடுங்கள். மால்டாவில் 7 சென்ட்டுக்கு வாங்கி 5 சென்ட்டுக்கு விற்று லாபம் பார்க்கிறான். சூட்சுமம் இது: சிசிலியில் 1 சென்ட்டுக்கு வாங்கியதை மால்டாவில் 4¼க்கு விற்கிறான், லாபம் 3¼. அதையே தன்னிடமிருந்து 7க்குத் திரும்ப வாங்குகிறான், விற்பவனும் அவனே என்பதால் லாபம் 2¾. ஆக 6. சாப்பாட்டுக்கூடத்துக்கு 5க்கு விற்பதில் 2 நஷ்டம், மிச்சம் 4. ஐந்திலிருந்து ஒன்றைக் கழித்தாலும் அதே 4தான். நடுவில் நடந்ததெல்லாம் காகித நாடகம். ஹெல்லரின் அங்கதம் முழுக்க இப்படித்தான் வேலை செய்கிறது: ஒவ்வொரு படியும் சரி, மொத்தம் பைத்தியக்காரத்தனம்.

யொசேரியனின் விமானத்தில் பறந்த துப்பாக்கி வீரன் ஸ்னோடனின் சாவு துண்டு துண்டாக வந்துகொண்டே இருக்கும், முழுதாக 41ஆம் அத்தியாயத்தில்தான். அதற்குமுன் நிறுத்தினால் இது வெறும் சிரிப்பு நாவலாகத் தங்கிவிடும். ஹெல்லர் கார்சிகாவிலிருந்து பி-25 விமானத்தில் குண்டெறிபவராக 60 முறை பறந்தவர். 1944 ஆகஸ்டில் அவின்யோனுக்கு மேலே அவருடைய விமானத்தில் ஒரு துப்பாக்கி வீரர் அடிபட்டதே ஸ்னோடன் காட்சியின் வித்து. முதல் அத்தியாயம் 1955இல் ‘கேட்ச்-18’ என்ற பெயரில் வந்தது. லியோன் யூரிஸின் நாவல் தலைப்பிலும் 18 இருந்ததால், 1961இல் 22 ஆனது.

ஹெல்லர் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ரஷ்ய யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் யொசேரியனை அசீரியனாக்கிவிட்டார். யூத ஹெல்லரைத் தேடுபவர்கள் அடுத்து ‘குட் ஆஸ் கோல்ட்’ (1979), பிறகு ‘காட் நோஸ்’ (1984) எடுக்கலாம். பின்னது சாகக் கிடக்கும் தாவீது ராஜாவின் புலம்பல். முன்னதாகத் தமிழ் வேதாகமத்தில் சாமுவேலின் இரு புத்தகங்களையும் 1 இராஜாக்கள் முதல் இரண்டு அதிகாரங்களையும் வாசித்துவிடுங்கள். ஞானியெனப் பெயர்பெற்ற தாவீதின் மகன் சாலொமோனை ஹெல்லர் மக்குப் பிள்ளையாக்கியிருப்பதன் குறும்பு அப்போதுதான் பிடிபடும்.