ஜூரி சம்மனும் நடக்காத விசாரணையும்

கலிஃபோர்னியாவில் குடியுரிமை வாங்கினால் ஓட்டுரிமையோடு சேர்ந்து ஜூரி சம்மனும் வரும். ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி, அதில் உட்கார நீதிமன்றம் அனுப்பும் அழைப்பு அது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், வருமான வரி தாக்கல் செய்வோர் பட்டியல் எல்லாவற்றிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள். தபாலில் வரும் தாளில் ஒரு குரூப் எண் இருக்கும். மறுநாள் வர வேண்டுமா என்று முந்தின நாள் மாலை இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பலருக்கு "வர வேண்டாம்" என்றே அந்த வாரம் கழிந்துவிடும். இந்த முறை என் குரூப்பைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போகிறவர்கள் ஸ்வெட்டரும் சார்ஜரும் எடுத்துப் போங்கள். முதல் நாளுக்குப் பணம் கிடையாது, இரண்டாம் நாளிலிருந்து தினம் 15 டாலர். மணிக்கூலிக்கு வேலை செய்பவர் இதை வைத்து என்ன செய்வார்? நீதிபதி "சிரமம் உள்ளவர்கள் சொல்லலாம்" என்றதும் உணவக ஊழியர்கள், டெலிவரி ஓட்டுபவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். பெரும்பாலானவர்களை அனுப்பிவிட்டார். மிஞ்சியவர்களில் அதிகம் பேர் ஓய்வு பெற்றவர்கள், அரசு ஊழியர்கள், என்னைப் போல், ஜூரிக்குப் போன நாளுக்குச் சம்பளத்தைக் கழிக்காத கம்பெனியில் இருப்பவர்கள். ஜூரி 'சமூகத்தின் குறுக்குவெட்டு', அதாவது எல்லாத் தரப்பினரும் கலந்தது, என்கிறது சட்டம். என் கண்ணில் பட்டது அதில் பாதிதான்.

வழக்கு ஒரு கடைத் திருட்டு. குற்றம் சாட்டப்பட்டவர் அளவில் கொஞ்சம் பெரிய கோட் போட்டு வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரை ஜூரியில் வைப்பது என்று தேர்ந்தெடுக்க, ஜூரி அமரும் பெட்டியில் எங்களை உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டார்கள். போலீஸ்காரர் சொன்னால் அப்படியே நம்புவீர்களா? உங்கள் வீட்டில் எப்போதாவது திருட்டு நடந்திருக்கிறதா? என் கார் கண்ணாடியை உடைத்து மடிக்கணினியை எடுத்துப்போன கதையைச் சொன்னேன். "அது இந்த வழக்கில் உங்களைப் பாதிக்குமா?" "பாதிக்காது என்று நினைக்கிறேன்." "நினைக்கிறீர்களா, உறுதியாகத் தெரியுமா?" சரி, உறுதி என்றேன். இந்த மாதிரி வழக்கில் காரணம் சொல்லாமலே பத்துப் பேரை நீக்க இரு தரப்புக்கும் உரிமை உண்டு. ஆனால் இனம், பாலினம் பார்த்து நீக்குவதாக ஆட்சேபம் வந்தால் காரணம் சொல்லியே ஆக வேண்டும். அந்த விதி 2022 முதல் இன்னும் கடுமையாகியிருக்கிறது.

நீதிபதி திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று: தண்டனை என்ன என்பதைப் பற்றி ஜூரி யோசிக்கவே கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெகுநேரம் வெளியே நிற்க வைத்தார்கள். அப்புறம் உள்ளே கூப்பிட்டு, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார், நன்றி, நீங்கள் போகலாம் என்றார்கள். நீங்கள் வெளியே காத்திருந்ததே வழக்கு முடிய உதவியது என்று நீதிபதி பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை.

எங்களை விடுவித்த பிறகு பேசத் தடையில்லை என்பதால், வராந்தாவில் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலே கொஞ்சம் விளக்கினார். 2014இல் வாக்காளர்கள் கொண்டுவந்த ப்ரொபசிஷன் 47 (மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு நிறைவேற்றும் சட்டம்) படி 950 டாலருக்கு உட்பட்ட கடைத் திருட்டு சிறு குற்றம், அதிகபட்சம் ஆறு மாதம். 2024 நவம்பரில் அதே வாக்காளர்கள் ப்ரொபசிஷன் 36ஐப் பெரும் வித்தியாசத்தில் நிறைவேற்றினார்கள். இப்போது ஏற்கெனவே இரண்டு திருட்டுத் தண்டனை இருந்தால், எடுத்த பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பெருங்குற்றமாக வழக்குப் போடலாம், மூன்று வருடம் வரை போகும். இவருக்குப் பழைய தண்டனைகள் இருந்தன. எங்களுக்கு அது சொல்லப்படவில்லை. தோற்றால் மூன்று வருடம், ஒப்புக்கொண்டால் சில மாதம் என்றால் யார்தான் பன்னிரண்டு அந்நியர்களை நம்பிப் போவார்?

இது இந்த ஒரு நீதிமன்றத்தின் கதை இல்லை. கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டனை பெற்றவர்களில் 97 சதவீதம், மாநிலங்களில் 94 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டவர்கள் என்று 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே எழுதியது. மிரட்டலும் சட்டப்படி செல்லும்: கென்டக்கியில் 88 டாலர் 30 சென்ட் போலிக் காசோலை வழக்கில், ஐந்து வருடத்துக்கு ஒப்புக்கொள், இல்லாவிட்டால் ஆயுள் என்றார்கள். ஹேய்ஸ் என்ற அந்த ஆள் மறுத்தார், ஆயுள் கிடைத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அதில் தவறில்லை என்றது.

கடைக்காரர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் பற்பசையைக்கூடப் பூட்டி வைத்திருக்கிறார்கள், மணி அடித்தால் ஆள் வந்து திறப்பார். திருடியவரைத் தண்டிக்கட்டும். ஆனால் வாக்குச்சீட்டில் தண்டனையை ஏற்றுவதும் இறக்குவதும் நாங்கள், ஜூரி பெட்டியில் உட்கார்ந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கக் கூடாதவர்களும் நாங்களேதான். எவ்வளவு தண்டனை என்பதை உண்மையில் தீர்மானிப்பது, எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று முடிவு செய்யும் அரசு வக்கீல். குற்றத்தை ஒப்புக்கொண்டால் பேரத்தில் தருகிற தண்டனைக்கும் விசாரணையில் தோற்றால் கிடைப்பதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்று ஒரு வரம்பு வேண்டும் என்பது என் கட்சி. வாக்காளர்கள் கொண்டுவந்த சட்டத்தைச் சட்டமன்றம் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது என்பதால், அதற்கும் இன்னொரு ப்ரொபசிஷன்தான் வர வேண்டியிருக்கும்.