டிஃபரன்ஷியல் இணையில் கால விலகல்: எங்கே சரிசெய்வது என்று அளந்து பார்த்தேன்

யு.எஸ்.பி 3.0 வேகத்தில், அதாவது வினாடிக்கு 5 கிகாபிட்டில், இயங்க வேண்டிய ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையை வடிவமைக்கத் தொடங்குவதற்கு முன், டிஃபரன்ஷியல் இணையின் (ஒரே சமிக்ஞையை எதிரெதிராகச் சுமக்கும் இரு தடங்கள்) இரு தடங்களுக்கும் இடையே எழும் கால விலகலை, அதாவது ஒன்றில் சமிக்ஞை மற்றதைவிடப் பிந்துவதை, எந்த இடத்தில் சரிசெய்ய வேண்டும் என்பதை அளந்தே தெரிந்துகொள்ள விரும்பினேன். மொத்த நீளம் சமமானால் போதும், எங்கே சமன்செய்தாலும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் உண்டு. வளைவை ஒட்டியே செய்ய வேண்டும் என்று சிப் தயாரிப்பாளர்களின் வழிகாட்டிகள் சொல்கின்றன. காரணத்தை மட்டும் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இந்த வேகத்தில் ஒரு பிட்டின் காலம் 200 பிகோவினாடி. அதில் 7 பிகோவினாடி விலகல் இருந்தால் தரவைப் படிப்பதில் பெரிய இடையூறு வராது. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. எதிரெதிராகச் செல்ல வேண்டிய இரு சமிக்ஞைகளில் ஒன்று பிந்தினால், ஆற்றலின் ஒரு பகுதி இரு தடங்களிலும் ஒரே திசையில் செல்லும் காமன் மோட் சமிக்ஞையாக மாறி, கேபிளின் உறையையே ஆன்டெனாவாக்கிக்கொண்டு வெளியே கசிகிறது. யு.எஸ்.பி 3.0 வன்தட்டைச் செருகியதும் பக்கத்திலுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். அந்த இரைச்சல் வெளிவரும் வழிகள் பல. இதுவும் அவற்றில் ஒன்று.

சோதனைப் பலகை நான்கு அடுக்கு எஃப்.ஆர்-4, அதாவது கண்ணாடி இழைத்துணியும் பிசினும் சேர்ந்த பலகை. மேலடுக்குக்கும் அதற்குக் கீழுள்ள கிரவுண்டுக்கும் இடையே 7628 வகைக் கண்ணாடி இழைத்துணி, சுமார் 0.2 மி.மீ. தடத்தின் அகலம் 0.2 மி.மீ., இடைவெளி 0.15 மி.மீ.; ஆகவே மையத்துக்கு மையம் 0.35 மி.மீ. ஒவ்வொரு இணையும் தொடக்கத்திலேயே ஒரே பக்கமாக இருமுறை திரும்பி, அதன்பின் 100 மி.மீ. நேராகச் செல்கிறது. 45 பாகை வளைவு ஒன்றில் வெளித்தடம் உள்தடத்தைவிட மையத் தொலைவைப் போல 0.83 மடங்கு கூடுதலாக நீள்கிறது. ஒரு முழுத் திருப்பத்துக்கு இத்தகைய வளைவுகள் இரண்டு என்பதால் 0.58 மி.மீ., இரு திருப்பங்களுக்கு 1.16 மி.மீ.; நேரத்தில் ஏறத்தாழ 7 பிகோவினாடி. முதல் இணையில் எந்தத் திருத்தமும் செய்யவில்லை. இரண்டாவதில் கோட்டின் கடைசியிலும், மூன்றாவதில் ஒவ்வொரு திருப்பத்தை ஒட்டியும் உள்தடத்துக்கு மேடுகள், அதாவது தடத்தைச் சற்று வெளியே வளைத்து நீளம் கூட்டும் சிறு புடைப்புகள், வைத்தேன்.

மேட்டின் உயரத்தை 0.15 மி.மீ. என்று கட்டுப்படுத்தினேன். அதற்கு மேல் போனால் அந்த இடத்தில் தடங்களின் இடைவெளி இரு மடங்கைத் தாண்டி, மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) எகிறிவிடும். 45 பாகைச் சரிவுள்ள இத்தகைய மேடு ஒன்று 0.124 மி.மீ. மட்டுமே கூட்டுகிறது; எனவே ஒரு திருப்பத்துக்கு ஐந்து மேடுகள். கணக்குப்படி இது தேவையைவிடச் சற்று அதிகம். ஆனால் மின்னோட்டம் மூலைகளைக் குறுக்கே கடப்பதால், வரைபடம் காட்டும் நீளத்துக்குரிய தாமதம் முழுவதும் கிடைப்பதில்லை. பலகை வரைய நான் பயன்படுத்தும் கீகேட் மென்பொருள் காட்டும் 'விலகல் பூஜ்யம்' வடிவியல் நீளத்தைச் சேர்ந்த பூஜ்யமே என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேபிளைப் பலகையோடு இணைக்கும் எஸ்.எம்.ஏ இணைப்பிகளையும், அளக்காத முனைகளை மூடும் 50 ஓம் முடிவிகளையும் ரிச்சி தெருவில் வாங்கினேன். “எல்லாம் ஒரே லாட்தான் சார்” என்று கடைக்காரர் சொன்னாலும், நடு ஊசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன். இணைப்பியின் முகம் பலகையின் விளிம்பில் முழுவதும் படியாமல் 0.3 மி.மீ. இடைவெளி விட்டாலே ஒரு பிகோவினாடி போய்விடும். பூதக்கண்ணாடியில் பார்த்து, விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பற்றவைத்தேன்.

அளப்பதற்கு 3 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் இருமுனை நானோ வி.என்.ஏ, அதாவது சமிக்ஞை எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு பிந்துகிறது என்று அளக்கும் சிறு கருவி. நான்கு முனைக் கருவி இல்லாவிட்டாலும், உள்முனைகள் இரண்டுக்கும் வெளிமுனைகள் இரண்டுக்கும் இடையிலான நான்கு கடத்தல்களைத் தனித்தனியே, மற்ற முனைகளில் முடிவிகளைப் போட்டு அளந்தால், காமன் மோடாக எவ்வளவு மாறுகிறது என்பதைப் பைத்தான் நிரலில் கணக்கிட்டுவிடலாம். 5 கிகாபிட் வேகத்தின் அடிப்படை அதிர்வெண்ணான 2.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு பாகைக் கட்ட (ஃபேஸ்) வேறுபாடு 1.1 பிகோவினாடிக்குச் சமம். கேபிள் சற்று வளைந்தாலும் கட்டம் நகர்வதால் கேபிள்களை மேசையோடு டேப் போட்டு ஒட்டினேன். கருவியின் வெப்பநிலை மாறாதிருக்க மின்விசிறியையும் நிறுத்தினேன். சென்னையின் சித்திரை மாதத்தில் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

2.5 கிகாஹெர்ட்ஸில் திருத்தமில்லாத இணையில் காமன் மோடாக மாறிய அளவு −25 டெசிபெல் (எண் கீழே போகப் போக நல்லது). 7 பிகோவினாடிக்குக் கணக்கிட்டால் வருவதும் அதுவே. கடைசியில் திருத்திய இணை −31, திருப்பத்தை ஒட்டித் திருத்தியது −38. இரண்டுக்கும் மொத்த நீளம் ஒன்றுதான். வேறுபாட்டுக்குக் காரணம் மைக்ரோஸ்ட்ரிப்பின், அதாவது மேலடுக்கில் காற்றை ஒட்டி ஓடும் தடத்தின், இயல்பு. டிஃபரன்ஷியல் அலையின் புலம் காற்றில் அதிகம் பரவுவதால் அது வேகமாகச் செல்கிறது. காமன் மோட் அலையின் புலம் பலகைக்குள் அதிகம் இருப்பதால் அது பின்தங்குகிறது. மில்லிமீட்டருக்கு 0.3 பிகோவினாடி என்று கொண்டால்கூட 100 மி.மீ. கடப்பதற்குள் 30 பிகோவினாடி, அதாவது 27 பாகை, விலகிவிடுகிறது. திருப்பத்தில் பிறந்த காமன் மோட் அலை கடைசி மேடுகளுக்கு வந்து சேர்வதற்குள், அதை அழிக்க வேண்டிய எதிரலை முன்னே போய்விடுகிறது. ஏறத்தாழ பாதி எஞ்சுகிறது. இரு அலைகளும் ஒரே வேகத்தில் செல்லும் உள்ளடுக்கு ஸ்ட்ரிப்லைனில் மறுமுனையில் இந்த வேறுபாடு பெரிதும் மறைந்துவிடும். ஆகவே எங்கே திருத்தினாலும் ஒன்றுதான் என்பவர்களின் பேச்சும் முற்றிலும் ஆதாரமற்றதல்ல.

மூன்றாவது இணையில் எஞ்சிய விலகல், ஒரே தொகுதியில் வந்த பலகைகளுக்குள்ளேயே 3 பிகோவினாடி வரை மாறியது. 7628 துணியில் அங்குலத்துக்கு ஒரு திசையில் 44, மறுதிசையில் 32 இழைகள். இழைகளின் இடைவெளி 0.58 முதல் 0.79 மி.மீ. வரை. என் தடங்களின் இடைவெளி அதைவிடக் குறைவு என்பதால், ஒரு தடம் இழையின் மேலும் மற்றது பிசினின் மேலும் நெடுந்தூரம் ஓட வாய்ப்புண்டு. கண்ணாடியின் மின்காப்பு மாறிலி (இது கூடினால் அலை மெதுவாகும்) சுமார் 6, பிசினுடையது 3. இந்த விலகல் பலகைக்குப் பலகை மாறுவதால் மேடு வைத்துத் தீர்க்க முடியாது. அதே பலகையில் 10 பாகை சாய்த்து வரைந்திருந்த நான்காவது இணையில் மாறுபாடு 1 பிகோவினாடிக்குள் அடங்கியது.

யு.எஸ்.பி பலகையில் இணைகளை இதே சாய்வில் வரைந்து வருகிறேன். சிப்பின் உறைக்குள் இருக்கும் தட நீள வேறுபாட்டை, தயாரிப்பாளர் தந்திருக்கும் இடங்களில், கீகேட்டின் பேட் அமைப்பில் சேர்த்துவிட்டேன். இணைக்கு இரண்டாக வரும் 100 நானோஃபாரட் மின்தேக்கிகளின் இடம் இன்னும் முடிவாகவில்லை.