ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு படம்

ராத்திரி படம் பார்க்கையில் ஒரு விளையாட்டு. பெண் வாய் திறந்தால் மட்டும் போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிடுவது.

நீளமான குடும்பக் காட்சி. நாயகி நட்டநடுவில் நிற்கிறாள். அப்பா பேசுகிறார், அண்ணன் கத்துகிறான், மாப்பிள்ளை சவால் விடுகிறான். எல்லாம் அவள் கல்யாணத்தைப் பற்றித்தான். அவள் கண்ணீர் க்ளோசப்பில் வழிகிறது.

ஸ்டாப்வாட்ச் அசையவே இல்லை.

1985இல் அலிசன் பெக்டெல் தன் காமிக்ஸில் வைத்த சோதனை பலருக்கும் தெரியும். படத்தில் இரண்டு பெண்களாவது இருக்கணும், தங்களுக்குள் பேசணும், அதுவும் ஆணைப் பற்றி அல்லாமல்.

ஆனால் 2013இல் வந்த 'கிராவிட்டி'யைத் தாங்கி நிற்பதே ஒரு பெண்தான். அது இதில் ஃபெயில்! (விண்வெளியில் பேச்சுத்துணைக்கு இன்னொரு பெண்ணை எங்கே தேடுவது?)

அதனால் எனக்கு நிமிடக் கணக்குதான் பிடித்திருக்கிறது. நடிகை ஜீனா டேவிஸ் 2004இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம், முகம் தெரியும் நேரத்தையும் குரல் கேட்கும் நேரத்தையும் மென்பொருள் வைத்து அளந்திருக்கிறது. முகத்தை மட்டும் எண்ணினால் அழுதுகொண்டே நிற்கிற நாயகிகள் எல்லாம் முதல் மார்க் வாங்கிவிடுவார்கள்.

அடுத்து யாராவது பின்னணியில் நடந்துபோகிறவர்களை எண்ணுங்களேன். போலீஸ், டிரைவர், கூட்டத்தில் நாலு பேர். அதில் பாதியைப் பெண்ணாக எழுத தயாரிப்பாளருக்குப் பெரிசாய் என்ன செலவு வந்துவிடப்போகிறது?