மடமைக்குக் கெமரில் என்ன சொல்? அகராதியோடு ஒரு மாதம்

கெமர் எழுத்துகளை ஓரளவு வாசிக்க வந்துவிட்டதால், இந்த மாதம் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு அதற்குக் கம்போடியாவில் என்னவெல்லாம் சொல்கிறார்கள் என்று துருவிப் பார்த்தேன். எடுத்த சொல் ‘ஃபாலி’. மடத்தனம், மடத்தனமாகச் செய்த காரியம், அப்புறம் இங்கிலாந்தின் பழைய மாளிகைத் தோட்டங்களில் அழகுக்காக மட்டும் கட்டிவைத்த கோபுரம், எல்லாமே அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

கோபுரத்துக்குப் பொருத்தமாக எதுவும் சிக்கவில்லை, அதை விட்டுவிட்டேன். மடத்தனத்துக்கு முதலில் கிடைத்தது ‘ல்ஙுங்’. எழுதிப் பழகவே நேரம் பிடித்தது, ஏனென்றால் ஒரே சொல்லில் இரண்டு ங, அதில் முதலாவது ல-வுக்கு அடியில் தொங்கும். அப்படித் தொங்கும் எழுத்தை அங்கே ‘கால்’ என்கிறார்கள். இதோடு ‘க்லௌ’ சேர்ந்து ‘ல்ஙுங் க்லௌ’ என்று ஜோடியாக வந்தால் அறியாமை. ‘ச்குவத்’ வேறு ரகம், அது பைத்தியம். வெறிநாயைக்கூட ‘ச்கே ச்குவத்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆக, தெரியாமல் செய்வதும் புத்தி பேதலித்துச் செய்வதும் கெமரில் தனித்தனி.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது. பௌத்த சங்கத் தலைவர் சுவோன் நாத்தின் பெயரால் வழங்கும் கெமர் அகராதி (முதல் பாகம் 1938, இரண்டாம் பாகம் 1943) இதில் பெரிய துணை. பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்த எழுத்து என்பதால் க, ச, ட, த, ப என்று நமக்குப் பழகிய வரிசையிலேயே தேடலாம், பாலி, சமஸ்கிருத மூலத்தையும் அதில் குறித்திருக்கிறார்கள். அதில்தான் ‘பீயல்’ கிடைத்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ‘பால’. பாலியில் அதற்குக் குழந்தை என்றும் மூடன் என்றும் பொருள்; நம் பாலனும் அதே வேர்தான். கெமரிலோ அது கெட்டவன் பக்கம் சாய்ந்துவிட்டது, ‘சோன் பீயல்’ (ஜன, பால) என்றால் ரவுடி.

‘பால’ எப்படி ‘பீயல்’ ஆனது என்று புரிந்த பிறகு வாசிப்பே வேகமெடுத்தது. க, ஜ, த, ப-வின் அதிர்வுள்ள பழைய ஒலிகள் (ஆங்கில g, j, d, b போல) கெமரில் காலப்போக்கில் அதிர்வை இழந்து k, ch, t, p போல ஆகிவிட்டன, ஆனால் போகும்போது பின்னால் வரும் உயிரெழுத்தின் ஒலியை மாற்றிவிட்டுப் போயிருக்கின்றன. அதனால் மெய்யெழுத்துகள் இரண்டு கட்சி. ஒரு கட்சியில் ஆ என்பது ஆ, இன்னொன்றில் ‘ஈய’. தன்மை, நிலை என்று பொருள்படும் ‘பாவ’ என்ற சமஸ்கிருதச் சொல் ‘பீயப்’ ஆனதும் இதே வழியில்தான். அதை முன்னால் போட்டு ‘பீயப் ல்ஙுங் க்லௌ’ என்றால் மூடத்தனம் என்ற பண்புப்பெயர் தயார்.

அடுத்து, புத்தரின் போதனைகளைப் பாட்டுகளாகத் தரும் பாலி நூலான தம்மபதத்தின் 5-ஆம் வர்க்கம் (அத்தியாயம்), பாலவர்க்கம். முழுக்க மூடர்களைப் பற்றியது. கெமர் உரையோடு வைத்து, ‘பீயல்’ அங்கே மூடனா கெட்டவனா என்று பாட்டுப் பாட்டாகப் பார்க்கப்போகிறேன்.