வேனில் போகும் இரண்டரை மணி நேரம்

வியட்நாமிலிருந்து திரும்பி வந்ததும் ஆளாளுக்குக் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க எவ்வளவு தராங்க?" முத்தியால்பேட்டை டீக்கடையில் கேட்டார்கள், கம்பெனி கேன்டீனில் கேட்டார்கள், என் மாமனார் போனிலேயே கேட்டுவிட்டார். முதல் பத்து நாள் நானும் மளமளவென்று கணக்குச் சொன்னேன். அப்புறம் எனக்கே அந்தக் கணக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

நான் வேலை பார்ப்பது புதுச்சேரி சேதராப்பட்டு பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில், தையல் லைன் சூப்பர்வைசராக. 2018 இல் ஹோ சி மின் நகருக்கு வடக்கே பின் டுவாங் மாகாணத்தில் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு என்னை அனுப்பினார்கள். ஷூவின் மேல்பாகத்தை அங்கே எப்படி வேகமாகத் தைக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டு வர வேண்டும். ஆறு மாதம் என்றார்கள், பதினான்கு மாதம் ஆயிற்று.

கிளம்புவதற்கு முன் எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் பிறந்து வளர்ந்ததே சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரில். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்பாவுக்கு அங்கே அரசு உத்தியோகம். "அந்தக் காலத்துல அங்க பியாஸ்தர்ல சம்பளம் வாங்கினவன் இங்க மெத்தை வீடு கட்டினான் தம்பி" என்றார். பியாஸ்தர் என்பது அப்போது அங்கே புழங்கிய பணம். கட்டிய வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. சம்பளத்துக்காக அந்தக் கரைக்குப் போவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. நான் போனது மட்டும் இங்கே வாங்கிய சம்பளத்திலேயே, கொஞ்சம் பேட்டா சேர்த்து.

சரி, எல்லாரும் கேட்ட கணக்கு இதுதான். வியட்நாமில் குறைந்தபட்சக் கூலியை நான்கு மண்டலமாகப் பிரித்து அரசு அறிவிக்கிறது. 2019 இல் முதல் மண்டலத்துக்கு மாதம் 41,80,000 டாங். ஒரு ரூபாய்க்கு அப்போது ஏறக்குறைய 330 டாங் என்று வைத்தால் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் சொச்சம் வரும். என் லைனில் இருந்த அனுபவமுள்ள பெண்கள் ஓ.டி., படி எல்லாம் சேர்த்து 70 லட்சம் டாங் வரை வாங்கினார்கள், அதாவது இருபத்தோராயிரம் ரூபாய். அதே தையலைத் தைக்கும் எங்கள் பெண்களுக்கு அந்த வருஷம் பிடித்தம் போகக் கையில் வந்தது எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். இதைக் கேட்டதும் கேன்டீனில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

ஆனால் அங்கே தைத்த பெண் தங்கியிருந்த அறைக்கு வாடகை உண்டு. சோறும் ஒரு துண்டு வறுத்த பன்றிக் கறியும் வைத்த தட்டு 25,000 டாங், நம் பணத்தில் எழுபத்தைந்து ரூபாய். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப வேண்டும். பாகூரிலிருந்து எங்கள் லைனுக்கு வரும் பெண்ணுக்கு வாடகை இல்லை, ரேஷன் கார்டு உண்டு, கொல்லையில் முருங்கை மரம் உண்டு. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் இரண்டரை மடங்கு என்பது சுருங்கி ஒன்றரையில் வந்து நிற்கும். முருங்கைக்காய்க்கு எத்தனை டாங் போடுவது என்று யோசித்த அன்றுதான் இந்தக் கணக்கை விட்டேன்.

வேலை நேரம் அப்படி ஏமாற்றாது என்றுதான் நினைத்தேன். சட்டப் புத்தகத்தில் இரண்டு நாடும் ஒன்று: வாரத்துக்கு 48 மணி நேரம். ஓ.டி.க்கு அங்கே சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, வார விடுமுறையில் இரண்டு மடங்கு, பண்டிகை விடுமுறையில் மூன்று மடங்கு. அப்போது இருந்த நம் 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமோ எந்த நாளாக இருந்தாலும் இரட்டைக் கூலி என்றது. எழுத்தில் பார்த்தால் சாதாரண நாளுக்கு நாம்தான் தாராளமாக இருந்தோம்.

எழுத்தில். இதற்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஏழு வருஷத்தில் இரட்டைக் கூலியை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஐந்து மணிக்கு எல்லாரும் பஞ்ச் அடித்து வெளியே போனதாகக் கணக்கு இருக்கும், ஆட்கள் உள்ளே தைத்துக்கொண்டிருப்பார்கள். மாதக் கடைசியில் 'உற்பத்தி ஊக்கத்தொகை' என்று ஒரு கவர் வரும். பிரித்துப் பார்த்தால் ஒற்றைக் கூலி. அந்தக் கவர்களை லைனில் கொடுத்தவன் நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பின் டுவாங்கில் ஓ.டி.யை 'தாங் கா' என்பார்கள். மாதத்துக்கு 30 மணி நேரம், வருஷத்துக்கு 200, தனி அனுமதி வாங்கினால் 300 என்று அப்போது உச்சவரம்பு இருந்தது. சம்பளச் சீட்டில் அது தனி வரியில், எத்தனை மணி, என்ன விகிதம் என்று இருக்கும். இதை முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. தொழிலாளிகள் உச்சவரம்பைக் கொண்டாடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ ஆர்டர் குறைந்து தாங் கா இல்லாத மாதத்தில் முகம் வாடிப் போனார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் தாங் கா அதிகம் என்று கேள்விப்பட்டு ஒரே வாரத்தில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். எட்டு மணி நேரச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்றால் எட்டு மணி நேரம் என்கிற சட்டத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். இதற்கு நான் கடல் தாண்டிப் போயிருக்கவே வேண்டாம்.

புதுச்சேரிக்காரனாக இதைச் சொல்வது சங்கடம்தான். 1936 ஜூலை 30 அன்று இங்கே சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. தோழர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் பிரெஞ்சிந்தியாவில் அது சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் இங்கேதான் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதே பிரான்சில் அப்போது ஆண்ட இடதுசாரி மக்கள் முன்னணி அரசு, வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவிலும் வேலை நேரத்தைக் குறைத்து ஆணை போட்டதும் அந்த 1936 இல்தான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே துரையிடமிருந்து வாங்கிய எட்டு மணி நேரத்தை இன்று ஓ.டி.க்காகத் தாங்களாகவே திருப்பிக் கொடுக்கிறோம்.

மத்தியானம் ஒன்று பார்த்தேன். சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிடுவார்கள். மெஷினுக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு நூற்றுக்கணக்கான பேர் தூங்குவார்கள். பெரிய மேனேஜரும் நாற்காலியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் வராத நான் ஒருத்தன்தான் இருட்டில் உலாத்திக்கொண்டிருப்பேன். பிற்பகல் தையலில் அங்கே தப்பு குறைவு, அதை நான் எண்ணியே பார்த்தேன். இங்கே வந்து எங்கள் மேனேஜரிடம் சொன்னதற்கு, "தூங்கறதுக்கு நான் ஆள் எடுக்கலை சார்" என்றார். எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கை கழுவும் வரிசைக்கே அதில் எட்டு நிமிஷம் போய்விடும்.

சங்கம் என்று பார்த்தால் அங்கே ஒரே அமைப்புதான், எங்கள் கேட்டில் கட்டியிருப்பது போல ஏழு நிறக் கொடி கிடையாது. ஆனால் அதையும் மீறிச் சிலது நடக்கும். 2015 மார்ச்சில் ஹோ சி மின் நகரில் ஒரு பெரிய ஷூ தொழிற்சாலையில் பல்லாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். வேலையை விட்டால் சமூகக் காப்பீட்டுப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது, ஓய்வு வயது வரை காத்திருக்க வேண்டும் என்று வந்த சட்டம்தான் காரணம். அரசு இறங்கி வந்தது. அடுத்த வருஷமே, 2016 ஏப்ரலில், பெங்களூரில் கார்மென்ட்ஸ் பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். பி.எஃபில் (வருங்கால வைப்பு நிதி) முதலாளி பங்கை 58 வயது வரை தொடக்கூடாது என்று வந்த விதிக்காக. அதுவும் வாபஸ் ஆனது.

விதி எழுதியவர்கள் அதை முதுமைக்கான சேமிப்பு என்று நினைத்திருப்பார்கள். நாற்பது வயதுக்கு மேல் கண்ணும் விரலும் லைன் வேகத்துக்கு ஓடாது என்பது லைனில் இருப்பவளுக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போகிற பணம் அது, மகள் கல்யாணத்துக்கோ கூரையை ஓடாக மாற்றவோ. ஐம்பத்தெட்டு வயது அவள் கணக்கிலேயே இல்லை. சம்பளத்தில் இரண்டரை மடங்கு வித்தியாசம் இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு நாட்டுப் பெண்களும் ஒரே மாதிரி கோபப்பட்டிருக்கிறார்கள்.

இங்கே எங்கள் வேன் பாகூரிலிருந்து காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பும். வழியில் ஆள் ஏற்றி, மரப்பாலத்தில் மாட்டி, வந்து சேர எட்டு ஆகும். சாயங்காலம் அதே கதை. ஆக தினமும் இரண்டரை மணி நேரம். எந்தச் சம்பளச் சீட்டிலும் இதற்கென்று ஒரு வரிகூட எழுதியிருக்காது. அங்கே இந்தப் பிரச்சினையே இல்லை. தொழிற்சாலையைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், நடந்து போனால் பத்து நிமிஷம். இதை நான் பெரிய லாபமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஓ.டி. முடிந்து வேனுக்கு நிற்கும்போது பாகூர்ப் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைக்காரி, கேட்டாள்: "அங்க பிள்ளைங்க எங்க சார் இருக்கும்?"

ஊரில் பாட்டியிடம் இருக்கும் என்றேன். என் லைனில் பாதிப் பேர் மீகாங் ஆற்று முகத்துவாரத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்தவர்கள், 'தேத்' புத்தாண்டுக்குப் போனால்தான் பிள்ளையைப் பார்க்க முடியும். என்னை 'ஆன்' என்று கூப்பிட்ட ஒரு பெண் (அங்கே அண்ணனுக்கு அதுதான் பேர்) தினமும் ராத்திரி போனில் மகளைத் தூங்க வைப்பாள் என்பதையும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படின்னா எனக்கு வேனே போதும் சார்" என்றாள். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சனிக்கிழமை ஓ.டி. உண்டா என்று கேட்டாள்.