வி.எச்.டி. கோப்பு திறக்காமல் போன மூன்று நாள்

எங்கள் வீட்டு நிலப் பத்திரங்கள், தாத்தா காலத்துத் தீர்வை ரசீதுகள், ஆச்சியின் ஒரே போட்டோ எல்லாம் நேற்று ராத்திரிதான் திரும்பக் கிடைத்தன. நெஞ்சுப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர். பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். ஸ்கேன் செய்ததையெல்லாம் தனியாக வைக்க டி டிரைவில் 100 ஜிபிக்கு ஒரு வி.எச்.டி. உருவாக்கினேன். அது ஒரு கோப்புதான், ஆனால் திறந்தால் தனி டிரைவ் போல வரும். டிரைவைப் பிரிக்க வேண்டாம், வேலை முடிந்தால் எஜெக்ட் செய்துவிடலாம், மொத்தமும் ஒரே கோப்பாக இருக்கும். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மெண்டில் ஐந்து நிமிஷ வேலை. போடப் போட வளரட்டும் என்று டைனமிக் வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

வினை வந்தது டி டிரைவில் இடம் குறைந்தபோது. அதன் பிராப்பர்ட்டீஸில் இடம் மிச்சப்படுத்த டிரைவில் உள்ள கோப்புகளைச் சுருக்கும் (கம்ப்ரெஸ்) கட்டம் ஒன்று உண்டு. அதில் டிக் போட்டுவிட்டேன். மறுநாள் வி.எச்.டி.யை இரட்டை கிளிக் செய்தால் மவுண்ட் ஆகவில்லை, அதாவது டிரைவாகத் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ செய்தி வந்தது. பதற்றத்தில் படிக்காமல் மூடினேன். அங்கேதான் தப்பு நடந்தது.

சி.பி.யூ.வைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலிக்கு பஸ். வண்ணார்பேட்டையில் ஒரு கடை. அங்கிருந்த பையனும் கிளிக் செய்தான், செய்தி வந்தது, அவனும் படிக்காமலே மூடினான்.

“டிஸ்க் போயிட்டு அண்ணாச்சி. டி டிரைவ ஃபார்மேட் அடிச்சிருவோம். உள்ள இருக்கத எடுக்கணும்னா அதுக்குத் தனியா ஆகும்.”

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. “தம்பி, இன்னொருக்கா கிளிக் பண்ணுங்க, நான் படிச்சுப் பாக்கேன்” என்றேன். கோப்பு என்.டி.எஃப்.எஸ். (விண்டோஸின் வழக்கமான டிரைவ் ஃபார்மேட்) டிரைவில் இருக்க வேண்டும், சுருக்கப்பட்ட ஃபோல்டரிலோ டிரைவிலோ இருக்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. டிஸ்க் மேல் ஒரு குறையும் இல்லை! சொன்னேன், அவன் காதில் ஏறவில்லை. பார்த்த கூலியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஃபார்மேட்டுக்குத் தலையாட்டியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

வீட்டில் முதலில் கல்யாண வீடியோக்களை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தி இடம் பண்ணினேன். சுருக்கியது விரிய இடம் வேண்டுமே. பிறகு வி.எச்.டி. கோப்பின் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு போய், அங்கே இருந்த சுருக்கும் டிக்கை எடுத்தேன். வெகுநேரம் ஓடியது. முடிந்ததும் கிளிக் செய்தேன், டிரைவ் வந்துவிட்டது. ஆச்சி படத்தைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இவ்வளவுக்கும் அந்தச் சுருக்கலால் பெரிய லாபமே கிடையாது. ஸ்கேன்கள் ஜேபெக், ஏற்கெனவே சுருங்கியவைதான். இடம்தான் பிரச்சினை என்றால், உள்ளே கோப்புகளை அழித்தால் மட்டும் டைனமிக் வி.எச்.டி. சிறுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸின் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில் காம்பாக்ட் கட்டளை கொடுக்க வேண்டும்.

நகல் எடுக்கப்போன இடத்திலும் ஒரு முட்டுக்கட்டை. பழைய வெளி டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. என்.டி.எஃப்.எஸ்.ஸாக மாற்றிய பிறகே ஏறியது. நகல் எடுக்குமுன் வி.எச்.டி.யை எஜெக்ட் செய்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் காற்றுக்காலத்தில் கரண்ட் சொல்லாமல் போகும். அதனால் இப்போது வி.எச்.டி.எக்ஸ். ஒன்று உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் 8 முதல் இருக்கும் வகை அது. எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் டிஸ்க்கின் உள்கட்டமைப்பு கெடாமல் காக்க அதில் ஏற்பாடு உண்டு. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு அது திறக்காது. ஒவ்வொரு பத்திரமாகத் திறந்து பார்த்து முடிக்கும்வரை பழைய கோப்பை அழிக்கப்போவதில்லை.